அத்தை தேடிய குடித்தனம்

நெய்வேலியில் பூமியைத் தோண்டுகிறார்கள், உள்ளே கரி இருக்கிறது, அதைத் தோண்ட நம் வீட்டைவிடப் பெரிய இயந்திரம் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்று அப்பா சொன்ன நாளிலிருந்து எனக்குப் புதுச்சேரியில் நாங்கள் இருந்த நெல்லித்தோப்பு பிடிக்காமல் போய்விட்டது. அதுவரை பிடித்துத்தான் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். புதுச்சேரி ஆலைகளில் பாதி நாள் வேலை, பாதி நாள் கதவடைப்பு என்றிருந்த சமயம். பஞ்சாலையில் பிட்டராக இருந்த அப்பா, இனி இதை நம்பிப் பிரயோசனமில்லை என்று நெய்வேலிக்குப் போய்ச் சுரங்கத்தில் சேர்ந்துகொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார். வேட்டியிலும் காதுமடலிலும் சிவப்புப் புழுதி ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். தம்பி ஒவ்வொரு வாரமும் அதைப் புதுச் செய்தியாகக் கேட்டு அழுவான்.

அம்மா அழமாட்டாள். ஆனால் ஞாயிறு ராத்திரி குழம்பில் உப்பு தப்பும். நெய்வேலியில் முந்திரிக்காட்டை வெட்டி, நேர்நேராகத் தெருப் போட்டு, வேலைக்காரர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா பேருக்கும் ஒன்று ஒதுக்கியிருந்தது. ஆனால் குடும்பத்தைக் கூட்டிவந்தால்தான் சாவி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நாங்கள் போய் இறங்காவிட்டால் அடுத்து நிற்கிற ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதைவிட எளிதான காரியம் உண்டா? வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினால் தீர்ந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். அத்தை என்று ஒருத்தி இருப்பதை மறந்துவிட்டேன்.

அத்தை, அப்பாவின் அக்கா. வீடு தாத்தா கட்டியது. அத்தை அதில்தான் பிறந்தாள், அதில்தான் அவளுக்குக் கல்யாணமும் நடந்தது. மாமாவுக்குச் சொல்லிக்கொள்ள வீடுவாசல் இல்லாததால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வந்த கொஞ்ச நாளில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். அது நான் பிறப்பதற்கு முன்பு. முதலில் கடிதமும் பணமும் வந்தன. பிறகு பணம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அங்கே சண்டை முடிந்ததும் போன சொல்தாக்கள் பலர் திரும்பி வந்தார்கள். சிலர் அந்த ஊர்ப் பெண்டாட்டியோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்கினார்கள். மாமா வரவில்லை. கடைசிவரை வரவே இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்த ஆவலில் யாரும் கடைசிப் பத்திக்குத் தாவ வேண்டாம். ஆனால் அன்றைக்கு அத்தை பூவும் பொட்டுமாகத்தான் இருந்தாள். கூடத்துச் சுவரில் மாமா தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தார். எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. அப்பா நெய்வேலியிலிருந்து சனிக்கிழமை வருகிறார். மாமா இருப்பது அதைவிடத் தூரம், அதனால் தாமதம், அவ்வளவுதான்.

நெய்வேலிப் பேச்சை அப்பா எடுத்ததும் அத்தை அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "நீங்க போங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

அம்மா ஒரே பிடியாக நின்றாள். "அண்ணி வராட்டி நானும் போவல." நாத்தனார் என்றால் சண்டை என்று நினைக்கிறவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. அந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் அப்பாதான் தெருவில் நிற்க வேண்டும். எல்லாருமே போகலாம், வீட்டைப் பூட்டிவிடலாம் என்றார் அப்பா.

"பூட்டுன வீட்ட எவன் தட்டுவான்? பூட்டப் பாத்துட்டு அப்படியே திரும்பிடுவான்" என்றாள் அத்தை.

அப்பா சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்தார். அடுத்த சனிக்கிழமை வந்தபோது வேறு யோசனை கொண்டுவந்தார். நல்ல குடும்பமாகப் பார்த்து வீட்டை வாடகைக்கு விட்டால் வீடும் திறந்திருக்கும், விளக்கும் எரியும், நாமும் ஒன்றாக இருக்கலாம் என்றார். அத்தை ஒரு முறம் வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, உரித்து முடிக்கும்வரை யோசித்தாள். பிறகு தானும் வருவதாக ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: குடித்தனம் வருகிறவர்களை அவளே பார்த்துப் பேசிச் சரி சொல்ல வேண்டும். அப்பா உடனே தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதற்காகப் பிறகு ரொம்ப வருத்தப்பட்டார்.

முதல் சங்கடம், அந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது. அடுக்களை ஓடு சரிந்து, மழைக்காலத்தில் அண்டா குண்டான் எல்லாம் கூரைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆகவே கொத்தனார் வந்தார். பின்கட்டில் குழி வெட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிச் சுண்ணாம்பு குழைத்தார்கள். வெல்லம் வைத்திருந்த சாக்குக்கு நானும் தம்பியும் காவல். "நாளைக்கு இந்தச் செவுரு ஒழுகுச்சுன்னா என்னக் கேக்காதீங்க, இந்த ரெண்டையும் கேளுங்க" என்று கொத்தனார் அம்மாவிடம் சொல்லிவைத்தார். சிவப்பு சிமெண்டில் தரை போட்டு, வாரம் முழுக்கத் தேய்த்து மெருகேற்றினார்கள். அதில் வழுக்கி விழுந்து தம்பிக்கு ஒரு பல் போயிற்று. எப்படியும் விழ இருந்த பல்தான், ஆனால் தரை வாங்கிய பெயர் வாங்கியதுதான்.

அப்பாவுக்கு அந்தச் சமயத்தில் ஒரு ஆசை வந்துவிட்டது. கடற்கரைப் பக்கம் துரைமார் குடியிருந்த பழைய பங்களா ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மரப்பட்டைகள் வைத்த நீளச் சன்னல் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சன்னல் நல்ல சன்னல்தான். எங்கள் வீட்டுச் சுவரின் உயரம்தான் அதற்குப் போதவில்லை. மேலே இடமில்லாமல் கீழே இறக்கி இறக்கி, கடைசியில் என் முழங்காலுக்குச் சரியாக அது ஆரம்பித்தது. தெருவில் போகும் கோழி தலையைத் தூக்காமலே எங்கள் கூடத்தைப் பார்த்துவிட்டுப் போகும். அப்பா மட்டும் வாராவாரம் வந்ததும் வெளியே நின்று அதை அழகு பார்த்தார்.

கதவை மட்டும் அத்தை தொடவிடவில்லை. தெருவில் சரளை கொட்டி உயர்த்தியதில் மழைத்தண்ணீர் வாசலில் தேங்கி, வாசல்கதவின் அடிப்பாகம் ஊறி உளுத்திருந்தது. ஆசாரி வந்து புதுக் கதவுக்கு அளவெடுத்தார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "மத்ததெல்லாம் உன் இஷ்டப்படி மாத்திக்க. கதவுல கைய வைக்காத" என்று அப்பாவிடம், கூடப்பிறந்தவனிடம் பேசுவதுபோல் இல்லாமல், யாரோ அந்நியரிடம் பேசுவதுபோல் சொன்னாள். சாயம் அடிக்கக்கூட விடவில்லை. வெளுத்த பச்சையில் அதே பழைய கதவு. புதுச் சட்டை வேட்டி உடுத்தி அறுந்த செருப்போடு மாப்பிள்ளை நின்ற மாதிரி வீடு நின்றது.

பிறகு, வீடு வாடகைக்கு என்கிற பலகை. நல்ல மனிதர்கள் வர வேண்டுமானால் பிரெஞ்சில் எழுத வேண்டும் என்பது அப்பாவின் தீர்மானம். ஆலையில் துரை அறைக்கு வெளியே தொங்கிய பலகைகளைப் பார்த்துப் பழகியவர் அவர். எழுதி மாட்டியும் பல நாள் ஒருவரும் வரவில்லை. தெருவில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சொந்த வீடு இருந்தது. வீடு தேடி வந்தவர்கள் சென்னையிலிருந்தும் கடலூரிலிருந்தும் புது உத்தியோகத்துக்கு வந்தவர்கள், அவர்களுக்கு பிரெஞ்சு தெரியாது. ஒருநாள் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, பலகையைக் காட்டிப் பல் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார். அன்று சாயங்காலமே அம்மா கரித்துண்டால் கீழே தமிழில் எழுதினாள். மறுநாள் முதல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர்கள் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் மனைவியும். சாதுவான ஜனங்கள். துரைச் சன்னலைப் பாராட்டிய முதல் ஆள் அந்த வாத்தியார்தான், அப்பா அங்கேயே விழுந்துவிட்டார். அத்தை முறத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர், வாடகை என்று எதையும் அவள் கேட்கவில்லை. "வாசக்கதவ யாரானா தட்டினா உங்களுக்குக் கேக்குமா?" என்று கேட்டாள். வாத்தியார் "என்ன?" என்றார். அத்தை திரும்பக் கேட்டாள். அவர் மறுபடியும் "என்ன?" என்றார். அவர் மனைவி, ரெண்டு பேருக்குமே காது கொஞ்சம் மந்தம் என்று வெட்கத்தோடு சொன்னாள். அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள் அத்தை.

அடுத்து வந்தவர் மளிகை மண்டியில் வேலை பார்த்தவர். அவர் மனைவிக்குத் தாய்வீடு வில்லியனூர். வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பார்களாம். அப்போதெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவீர்களா என்று கேட்டாள் அத்தை. திண்டுக்கல் பூட்டு இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றார் அவர். அவருக்கும் காப்பி கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அத்தைக்குத் திருட்டுப் பயம். காது கேளாதவர்கள் இருந்தால் திருடன் வருவது தெரியாது, பூட்டிவிட்டுப் போகிறவர்கள் இருந்தால் பூட்டை உடைப்பான். புதுப்பித்த வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் கெட்டிக்காரர்களைத்தான் அத்தை தேடுகிறாள். பெரியவர்கள் யாருக்கும் தெரியாத இந்த ரகசியம் எனக்கு மட்டும் தெரிந்ததில் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குமாஸ்தா குடும்பம் வந்தது. மதராஸிலிருந்து இங்கே ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவர். படித்தவர்கள், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. என் வயதில் ஒரு பெண் இருந்தாள். பெரியவர்கள் அடுக்களையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அத்தை கதவைப் பற்றிக் கேட்பாள், யார் தட்டினாலும் திறக்கமாட்டோம் என்று உன் அம்மாவைச் சொல்லச் சொல், வீடு உங்களுக்குத்தான் என்றேன். சமர்த்துப் பெண். ஓடிப்போய் அம்மா காதில் சொல்லிவிட்டாள்.

அத்தை கேட்டாள். அந்த அம்மாள் தயாராக இருந்தாள். "தெரியாதவங்க தட்டினா திறக்கவே மாட்டோங்க. இந்த சன்னல் வழியா பார்ப்போம். முகம் புதுசா இருந்தா, வீட்ல யாரும் இல்லைன்னு உள்ளேர்ந்தே சொல்லி அனுப்பிடுவோம்" என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னாள். அத்தையின் கை முறத்தில் அப்படியே நின்றுவிட்டது. முகம் கறுத்துப்போயிற்று. எழுந்து உள்ளே போனவள் காப்பியோடுகூடத் திரும்பி வரவில்லை.

அப்பா அத்தையிடம் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான். எங்களைத் தெருவில் போய் விளையாடச் சொல்லிவிட்டார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். "அவரு வரமாட்டாருக்கா. வர்றவரா இருந்தா அந்தக் கப்பல்லயே வந்திருப்பாரு" என்று அப்பா சொல்லியிருக்கிறார். "வராட்டிப் போவட்டும். வந்து நின்னு, உள்ள இருக்கறவங்க நீ யாருன்னு கேட்டுத் தொரத்திட்டா?" என்று அத்தை கேட்டிருக்கிறாள். நாங்கள் விளையாடிவிட்டு வீட்டுக்குள் வந்தபோது அப்பா சன்னல் ஓரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் திறக்க அதிக நாள் இல்லை. நெய்வேலி வீடு கைவிட்டுப் போகும்போல இருக்கிறது, இன்னும் எத்தனை வருஷம் இப்படியே வாரத்துக்கு ஒரு நாள் குடும்பம் நடத்துவது என்று அம்மாவிடம் சொன்னார். நெய்வேலி இயந்திரம் என் கண்ணிலிருந்து மெல்லத் தூரப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் அம்மாவிடம் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். புருஷன் எங்கள் ஊர்க்காரர், சொல்தாவாக இருந்து திரும்பியவர், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். மனைவி சைகோன் பக்கத்துக்காரி. புடவைதான் கட்டியிருந்தாள், ஆனால் அவள் ஒரு பக்கம் போனால் அது ஒரு பக்கம் போனது. இரண்டு சின்னப் பிள்ளைகள். உப்பளம் பகுதியில் ஒற்றை அறையில் இருக்கிறார்களாம். தெருவில் எல்லா வாசலிலும் திடீரென்று ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது. ஒருத்தி அரிசி புடைத்தாள், ஒருத்தி பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். மாமாவுக்கு அங்கேயே ஒரு குடும்பம் இருக்கிறது என்று அந்தத் தெரு பல வருஷமாக அத்தைக்குக் கேட்காத குரலில் பேசிவந்தது. அத்தைக்குக் கேட்டே இருந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

அத்தை அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் வந்தவர்களைப் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று அப்பா தவித்தார். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு அறையையும் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். எத்தனையோ வீட்டில் இல்லை என்று கேட்டவர் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் என் பங்குக்கு அந்த அம்மாளுக்குப் பாடம் எடுக்கப் பார்த்தேன். அவளுக்குத் தமிழ் ஓடவில்லை. கதவைத் தட்டிக் காட்டினேன், பிறகு திறக்காதே என்று கையை ஆட்டிக் காட்டினேன், பிறகு கத்தியால் குத்துகிற திருடனாக நடித்தும் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பியும் கூடச் சேர்ந்து திருடனானதில் பாடம் கெட்டுப்போயிற்று.

நிமிர்ந்தால் வாசலில் அத்தை, அர்ச்சனைத் தட்டோடு. அத்தை அந்தப் பெண்ணைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், திரும்பவும் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தட்டை உள்ளே வைத்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். எல்லாரிடமும் கேட்டதையேதான் கேட்டாள். புருஷனிடம் கேட்கவில்லை, நேராக அவளிடமே, மெதுவாகக் கேட்டாள்: "வாசக்கதவ யாரோ தட்டறாங்க. யாருன்னு உனக்குத் தெரியல. என்ன பண்ணுவ?"

புருஷன் அவள் பாஷையில் சொன்னார். அவள் பதிலுக்குத் தமிழையே தேடினாள். "தொறக்கும். நான் தொறக்கும்" என்றாள். பிறகு புருஷனிடம் கடகடவென்று ஏதோ சொன்னாள். அவர் அதைச் சொல்லத் தயங்கினார். அவள் அவர் முழங்கையை இடித்தாள்.

"கப்பல் எறங்கி நேரா எங்கப்பா வீட்டுக்குத்தாங்க போனோம்" என்றார் அவர். "கைப்புள்ளயோட இவதான் கதவத் தட்னா. உள்ள பேச்சுச் சத்தம் கேக்குது, தொறக்கல. ரொம்ப நேரம் நின்னோம். அத இவ மறக்கலீங்க. தட்டறது யாரு எவருன்னு பாக்கமாட்டேன், தொறந்து உள்ள உக்கார வச்சுட்டுதான் கேப்பேங்கறா. அது உங்களுக்கு ஒத்துவராதுன்னா சொல்லிடுங்க, போயிடறோம்."

போச்சு என்று நினைத்தேன். திருடனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பேன் என்கிற குடித்தனத்துக்கு அத்தை எப்படி வீட்டைக் கொடுப்பாள்? நெய்வேலியும் இல்லை, இயந்திரமும் இல்லை, நெல்லித்தோப்பிலேயே கிழவியாக வேண்டியதுதான் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அத்தை முறத்தில் உரித்திருந்த மல்லாட்டையை இரண்டு கையாலும் வாரி அந்தப் பிள்ளைகளின் சட்டைப்பையில் கொட்டினாள். பிறகு, "உள்ள வாங்கன்னு உங்க ஊர்ல எப்டிச் சொல்றது?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். அவள் சொன்னாள். அத்தை திருப்பிச் சொன்னாள். அது வேறு என்னவோ ஆகிவிட்டது போலிருக்கிறது, பிள்ளைகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அத்தை மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பெரிதாகத் திறந்து ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒருவழியாகச் சரியாக வந்ததும் அத்தை அப்பாவைப் பார்த்து, "இவங்களுக்கே குடுத்துடு" என்றாள். அப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

அவர்கள் போனபிறகு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அடுக்களையில் குரலைத் தாழ்த்தி, "அண்ணி, தெருவுல என்ன பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டாள். நான் அங்கேதான் பழைய சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றாள் அத்தை. "பேசறவங்களா வந்து வாசல்ல நிக்கப்போறாங்க? அவரு வந்தா ஒண்டியாவா வருவாரு? கூட வர்றவ புள்ளைங்களக் கையில புடிச்சுக்கினு, ஊரும் தெரியாம பாஷையும் தெரியாம நிப்பா. அவ பாஷையில வான்னு சொல்ல வீட்டுல ஒருத்தி இருக்கட்டும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நான் சோற்றைப் பிசைந்தேன். மாமா வரும்போது விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவார், மாமாவிடம் மட்டுமில்லை, அவர்களிடமும் பொம்மை இருக்கும், அதில் எனக்கு எத்தனை, தம்பிக்கு எத்தனை என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தேன்.

நல்ல நாள் பார்த்து அவர்கள் பால் காய்ச்ச வந்தார்கள். புது அடுப்பில் பால் நுரைத்து மேலே எழும்பியதும், நாங்கள் எல்லாரும் பொங்கட்டும் என்று காத்திருக்க, அந்தப் பெண் பதறிப்போய்ப் புடவைத் தலைப்பால் பாத்திரத்தைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. வாசலில் நின்ற தெருப் பெண்கள் ஐயையோ என்று கன்னத்தில் கைவைத்தார்கள். அத்தை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தேவிட்டாள். பாலைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, இந்தத் தடவை அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பால் வழிந்து அடுப்பில் சுரீரென்று ஓடுவதை அந்தப் பெண் மனசு கேட்காமல் பார்த்தாள். இந்த ஊரில் எல்லாருக்கும் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

நாங்கள் கிளம்பிய அன்று அத்தை மாமாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. வரும் ஆளின் முகம் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று அதை அங்கேயே விட்டுவிட்டாள். கடலூரில் இறங்கி வேறு பஸ் மாறினோம். பண்ருட்டி தாண்டும்போது பஸ் முழுக்கப் பலாப்பழ வாசனை. அத்தை சன்னலோரம் உட்கார்ந்து, வாயில் காற்று புக, தம்பியோடு சேர்ந்து மாட்டுவண்டிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். நெல்லித்தோப்பை விட்டு அவள் பஸ் ஏறியதையே நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நெய்வேலியில் எங்கள் வீடு தீப்பெட்டி அளவுதான். ஆனால் அப்பா தினமும் சாயங்காலம் வந்தார். இயந்திரத்தையும் பார்த்தேன். அப்பா பொய் சொல்லவில்லை. அது திரும்பும்போது பள்ளத்துக்கு வெளியே நின்றிருந்த எங்கள் காலடியில் மண் அதிர்ந்தது. தம்பி அன்றும் அழுதான்.

அங்கே போனபிறகுதான் அத்தையிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். நெல்லித்தோப்பில் யார் கதவைத் தட்டினாலும் அத்தைதான் ஓடுவாள். மாவுக் கையோடு ஓடுவாள், தலைக்கு எண்ணெய் வைத்தது வைத்தபடி ஓடுவாள். காற்றுக்குக் கதவு ஆடினால்கூட எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். எங்கள் வீட்டில் வேறு யாரும் வாசல்கதவைத் திறந்ததே கிடையாது. இங்கே பால்காரர் தட்டுகிறார், பக்கத்து வீட்டுக்காரி தட்டுகிறாள், அத்தை காலை நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "யாருன்னு போய்ப் பாரு கண்ணு" என்று என்னை ஏவினாள். நாள் முழுக்க நான்தான் ஓடினேன்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் புகார் சொன்னேன். அத்தை இந்த ஊருக்கு வந்ததும் சோம்பேறியாகிவிட்டாள், ஒரு கதவுக்குக்கூட எழுந்திருப்பதில்லை என்றேன். அம்மா அம்மியில் தேங்காய் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு முன்னறையை எட்டிப் பார்த்தாள். அங்கே அத்தை தம்பிக்கு ஏதோ கதை சொல்லி அவனுக்கு முன்னால் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. தேங்காய்க்கு யாருக்காவது கண்ணில் தண்ணீர் வருமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இருக்கட்டும்டி. ஆசை தீர சோம்பேறியா இருக்கட்டும்" என்றாள். "உனக்குக் கால் இருக்குதில்ல, நீ போய்த் தொற."

இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. அப்போதும் யாரோ தட்டினார்கள். முணுமுணுத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.